லாரியில் எதுவும் இல்லை

எங்கள் ஆலையின் வாசலில் பீரோவை விட உயரமான இரண்டு தூண்கள் எதிரெதிரே நிற்கும். பழைய இரும்பு ஏற்றிக்கொண்டு வரும் எந்த லாரியும் எடைமேடைக்குப் போகும் முன் அவற்றின் நடுவே நடை வேகத்தில் ஊர்ந்து போக வேண்டும். ஏற்றி வந்த சரக்கில் கதிர்வீச்சு உள்ள பொருள் ஏதாவது கலந்திருந்தால் சிவப்பு விளக்கு எரிந்து சங்கு அலறும். எங்கோ மூடிப்போன தொழிற்சாலையிலிருந்து விரல் நுனி அளவு குப்பி ஒன்று காயலான் கடைக்குப் போய், அங்கிருந்து எங்கள் உலைக்குள் வந்துவிட்டால் போதும். அன்றைக்கு உருக்கிய இரும்பு முழுவதும் வீண். உலையையே மூட வேண்டி வரும். அந்தக் குப்பியைத் தெரியாமல் கையில் எடுத்தவர் நிலைமையோ அதைவிட மோசம்.

நான் அந்த ஆலையின் தர சோதனைக் கூடத்தில் ஒப்பந்த ஊழியராக இருந்தேன். உலையிலிருந்து எடுத்துவரும் இரும்புத் துண்டில் கார்பன் எவ்வளவு, மாங்கனீசு எவ்வளவு என்று கருவியில் வைத்துப் பார்த்துச் சொல்வது வழக்கமான வேலை. பி.எஸ்ஸி. இயற்பியல் படித்திருந்ததால் சென்னைக்கு அனுப்பிக் கதிர்வீச்சுப் பயிற்சியும் கொடுத்திருந்தார்கள். அதனால் வாசலில் சங்கு ஊதினால் கூப்பிடுவது என்னையோ எங்கள் சோதனைக் கூடப் பொறுப்பாளரையோதான். பெரும்பாலும் பயப்பட எதுவும் இருக்காது. பழைய உலைச் செங்கல் கலந்திருக்கும், இல்லையென்றால் எண்ணெய்க் கிணற்றில் கிடந்த குழாய். இயற்கையாகவே அவற்றில் கொஞ்சம் கதிர்வீச்சு உண்டு. எடுத்து ஒதுக்கிவிட்டு லாரியை உள்ளே விடுவோம்.

அந்தக் கோடையில் நான் கர்ப்பமாக இருந்தேன். என் கணவரைத் தவிர யாருக்கும் தெரியாது. முந்தைய வருஷம் ஒன்று கலைந்து போயிருந்தது. எல்லோரிடமும் சொல்லி, எல்லோரும் சந்தோஷப்பட்டு, பிறகு ஒவ்வொருவரிடமும் இல்லை என்று சொன்ன அனுபவம் போதும் போதும் என்றாகிவிட்டது. ஸ்கேன் முடியட்டும் என்று மாமியாரிடம்கூடச் சொல்லவில்லை. ஆலையில் சொல்லாததற்கு வேறு காரணமும் இருந்தது. எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்த பெண் மாசமாக இருக்கிறேன் என்று சொன்னதும் அவளுடைய ஒப்பந்தத்தை அப்படியே முடித்துவிட்டார்கள்.

வாசல் தூண்கள் தாமாக எதையும் வெளிவிடுவதில்லை, வருவதை உணர்வது மட்டும்தான் அவற்றின் வேலை. இதை எனக்கு நானே அடிக்கடி சொல்லிக்கொள்வேன். நல்ல வேளையாக அந்த வாரங்களில் சங்கும் ஊதவில்லை.

சங்கு ஊதிய நாளன்று காலையிலேயே வெயில் கொளுத்தியது. பொறுப்பாளர் மகள் கல்யாணத்துக்காக விடுப்பில் போயிருந்தார். வாசலிலிருந்து பாதுகாப்பு மேற்பார்வையாளர் போன் செய்தார். ராணுவத்தில் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர், பதற்றமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அன்று குரல் வேறு மாதிரி இருந்தது.

"மேடம், சீக்கிரம் வாங்க. ரெண்டு வாட்டி வுட்டுப் பாத்துட்டேன். ரெண்டு வாட்டியும் கத்துது."

நான் போனபோது லாரி தூண்களைத் தாண்டி நின்றிருந்தது. ஓட்டுநர் ஐம்பதை நெருங்கியவர். கழுத்து எலும்பு தெரியும் உடம்பு, கண்கள் மட்டும் வெளியே வந்து விழுந்துவிடும் போல் பெரிதாக இருந்தன. கிளீனர் யாரும் கூட இல்லை. ஜன்னல் வழியாகச் சீட்டை நீட்டிய கை நடுங்கிக்கொண்டே இருந்தது. மேற்பார்வையாளர் அந்தக் கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

தூண்களின் அளவைக் காட்டும் வாசல் அறைத் திரையில் கோடு எப்படி ஏறியிருக்கிறது என்று பார்த்தேன். சரக்கில் ஏதாவது இருந்தால் லாரியின் நடுப்பகுதி வரும்போது ஏறும். இது தொடக்கத்திலேயே செங்குத்தாக ஏறி, பின்பகுதி வர வரத் தணிந்திருந்தது. இருப்பது சரக்கில் அல்ல, ஓட்டுநர் இருக்கும் முன்பகுதியில்.

"உள்ள எதையோ ஒளிச்சி வச்சிருக்கான் மேடம்" என்றார் மேற்பார்வையாளர்.

லாரியை மதில் ஓரத்துக் காலி மைதானத்துக்குக் கொண்டுபோகச் சொன்னோம். அங்கே கையில் பிடிக்கும் மீட்டரோடு நான் லாரியைச் சுற்றி வர வேண்டும். வேறு ஆள் இல்லை. முடியாது என்றால் ஏன் என்று கேட்பார்கள். காரணத்தைச் சொல்லாமல் தப்பிக்க ஒரு பொய்கூட அப்போது வாயில் வரவில்லை. மீட்டரை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, எண் ஏறினால் உடனே திரும்பிவிடுவது என்று தீர்மானித்து நடந்தேன்.

பின்பக்கம் எதுவும் இல்லை. பக்கவாட்டிலும் இல்லை. வெறும் தரையில் என்ன காட்டுமோ அதேதான். முன்பக்கம் நெருங்க நெருங்க மீட்டரின் டிக் டிக் வேகமெடுத்தது. ஓட்டுநர் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"கிட்ட வராதம்மா! அப்பிடியே நில்லு! தள்ளிப் போ!"

நான் நின்றுவிட்டேன். அந்தக் குரலில் கோபம்தான் எனக்குக் கேட்டது. மேற்பார்வையாளருக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது.

"யோவ், மேடத்தையே மெரட்றியா? எறங்குயா கீழ. இன்னா வச்சிருக்க உள்ள?"

அவர் எங்களுக்கு எதிர்ப்பக்கக் கதவைத் திறந்து இறங்கி, திரும்பிப் பார்க்காமல் மதிலை நோக்கி நடந்தார். கதவு திறந்தே கிடந்தது. ஒரு நீளமான குச்சியில் மீட்டரைக் கட்டி இருக்கைக்கு மேலே நீட்டினேன். சற்று முன் துடித்த எண் சாதாரணத்துக்கு இறங்கிவிட்டது. இருக்கையின் மேல் கிடந்த அவருடைய வியர்வைத் துண்டின் பக்கம் எண் கொஞ்சம் அசைந்தது, அவ்வளவுதான். இருந்தது போய்விட்டது.

"பாத்தீங்களா? மடியில வச்சி எடுத்துக்கினு போறான்" என்றார் மேற்பார்வையாளர். காவலாளிகள் இருவரைக் கூப்பிட்டார். அவர்கள் மதிலை நோக்கி ஓடினார்கள்.

ஓட்டுநர் மதிலில் முதுகை ஒட்டிக்கொண்டு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார். "வேணாண்டா நைனா, கிட்ட வராதீங்க. சொன்னா கேளுங்க." காவலாளிகள் தயங்கினார்கள். அவர் சட்டையைக் கழற்றி உதறி எறிந்தார். பேண்ட் பைகளை வெளியே இழுத்துக் காட்டினார். ஒரு பீடிக்கட்டு, செல்போன், சில்லறை. "இன்னா இருக்குது? பாத்துக்குங்க. ஒண்ணும் இல்ல."

நான் தொலைவிலிருந்தே மீட்டரை அவர் பக்கம் திருப்பினேன். எண் ஏறியது. லாரிப் பக்கம் திருப்பினேன். இறங்கியது. மறுபடி அவர் பக்கம். ஏறியது. கழற்றி எறிந்த சட்டை ஒரு பக்கம் கிடந்தது, பையில் இருந்தவை காலடியில் கிடந்தன. வெறும் உடம்போடு அந்த மனிதர் மட்டும் நின்றிருந்தார்.

பயிற்சியில் ஓர் ஆசிரியர் போகிற போக்கில் சொன்னது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. சில நேரம் ஆளே அலாரம் அடிப்பார், ஆஸ்பத்திரியில் என்ன கொடுத்தார்கள் என்று கேளுங்கள்.

"விடுங்க அவரை" என்று காவலாளிகளைக் கூப்பிட்டேன். பிறகு உரக்கக் கேட்டேன். "அண்ணே, ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா? ஊசியோ மருந்தோ ஏதாவது குடுத்தாங்களா?"

அவர் மதில் ஓரமாகவே சரிந்து உட்கார்ந்தார். அதன் பிறகு பேசியது எங்களிடமா தரையிடமா என்று தெரியவில்லை.

"தைராய்டுன்னாங்க. மாத்திர தின்னு தின்னு பாத்தேன். கை நடுக்கம் நிக்கல, நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது. ஓனரு நான் குடிக்கறேன்னு நெனச்சிக்கினு இருக்கான். அப்பறம் பெரிய ஆஸ்பத்திரில ஒரே ஒரு கேப்சூல் குடுத்தாங்க. குடுத்த நர்ஸே தள்ளி நின்னுதான் குடுத்துச்சு. கொஞ்ச நாளைக்குச் சின்னப் புள்ளைங்க கிட்ட, மாசமா இருக்கறவங்க கிட்ட போவாதன்னாங்க."

"அப்ப ஊட்ல இருக்க வேண்டியதுதான? வண்டி எதுக்குயா எடுத்த?" என்றார் மேற்பார்வையாளர்.

"எம் பொண்ணு பிரசவத்துக்கு வந்து ஊட்ல இருக்குது சார். பள்ளிப்பட்டுல ஒரே ரூமு எங்களுக்கு. நான் எங்க போவேன்? வண்டியிலயே தின்னு வண்டியிலயே தூங்கிக்கலாம்னு எடுத்துக்கினு வந்துட்டேன். கிளீனரக்கூட வேணாம்னுட்டேன். இந்த மிஷினு என்னியக் காட்டிக் குடுக்கும்னு எனக்கு இன்னா தெரியும்?"

கிட்ட வராதே என்று அவர் கத்தியது எதற்கென்று அப்போது புரிந்தது.

இருந்தாலும் அவர் சொன்னதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. எந்தப் பொருளிலிருந்து கதிர் வருகிறது என்று பெயரையே சொல்லும் கருவி ஒன்று எங்களிடம் இருந்தது. பெரிய டார்ச் லைட் போல் இருக்கும். ஒவ்வொரு பொருளிலிருந்தும் வரும் கதிருக்குத் தனித்தனி வலிமை உண்டு. இருட்டில் குரலை வைத்து இன்னார் என்று சொல்கிற மாதிரி அந்த வலிமையை வைத்து அது ஆளைச் சொல்லிவிடும். கருவியைப் பாலிதீன் பையில் போட்டுக் கட்டி, மைதானத்தில் கவிழ்ந்து கிடந்த டிரம்மின் மேல் வைத்துவிட்டுப் பின்வாங்கினேன். அவர் எழுந்து வந்து, நான் சொன்னபடி அதை எடுத்து நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். கை நடுங்கியதால் இன்னொரு கையாலும் பிடித்தார். பிறகு வைத்துவிட்டு மதிலுக்குத் திரும்பிப் போனார்.

திரையில் அயோடின் என்று இருந்தது. அதன் கீழே, மருத்துவம். தைராய்டுக்குக் கொடுப்பது அதைத்தான். வேறு எந்தப் பெயரும் இல்லை.

அத்தோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். மேற்பார்வையாளரும் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். ஆனால் அதற்குள் செய்தி ஆலை முழுக்கப் பரவியிருந்தது. சரக்கு இறக்கும் ஆட்களோடு மேஸ்திரி வந்து மைதானத்துக்கு வெளியே நின்றார். ஆலை மேலாளரும் வந்துவிட்டார்.

"இந்த வண்டில நாங்க கை வைக்க மாட்டோம் சார்" என்றார் மேஸ்திரி. "அந்தாளு ஒக்காந்துக்கினு வந்த வண்டி. எங்களுக்கும் புள்ள குட்டிங்க கீது."

நான் விளக்கினேன். லாரியில் எதுவும் இல்லை. அவர் உடம்புக்குள் இருப்பது வைத்தியத்துக்குக் கொடுத்த மருந்து, நாளாக நாளாகத் தானாகக் குறைந்து போய்விடும். கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றால் யாருக்கும் எதுவும் ஆகாது.

மேஸ்திரி பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார். "அப்பிடின்னா நீங்களே போயி அந்தாளு பக்கத்துல ஒரு நிமிஷம் நில்லுங்க மேடம். எங்க கண்ணால பாத்துட்டு ஏறிக்கறோம்."

மேலாளருக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. "கரெக்டு. போய் நில்லுங்கம்மா. ஒரே நிமிஷம். சேஃப்னு நீங்கதானே சொல்றீங்க?"

ஒரு நிமிஷம் அவர் பக்கத்தில் நின்றால் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். மனசுக்குள் கணக்குப் போட்டு முடித்துவிட்டேன். நெஞ்சுக்கு எடுக்கும் எக்ஸ்ரேயை விடக் குறைவு. தெரிந்தும் கால் நகரவில்லை. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"பாத்தியா, அவங்களே போவ மாட்றாங்க" என்றது ஒரு குரல்.

மதில் ஓரத்திலிருந்து ஓட்டுநர் எழுந்தார். "அந்தம்மாவ வுடுங்கயா. யாரும் எங்கிட்ட வர வேணாம். வண்டி இங்கியே நிக்கட்டும், நான் நடந்து போயிடறேன்." சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கூட்டத்தை விட்டு விலகியே மதிலை ஒட்டி வாசலை நோக்கி நடக்கத் தொடங்கினார். அவர் வரும் திசையில் நின்றிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். ஒருவர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். அதைத் தாண்டிப் போகாமல் ஓட்டுநர் நின்றுவிட்டார்.

அந்தச் செருப்பைப் பார்த்த பிறகு என்னால் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியவில்லை.

"நான் மாசமா இருக்கேன்" என்றேன். சொன்னது எல்லோருக்கும் கேட்டதா என்று தெரியாமல் இன்னொரு முறை சொன்னேன். "அதனாலதான் போகல. இல்லன்னா போய் நின்னிருப்பேன். மாசமா இருக்கறவங்களும் குழந்தைங்களும்தான் கொஞ்ச நாளைக்குத் தள்ளி இருக்கணும். அவரு பெத்த பொண்ணு கிட்டயே போகாம அதுக்குத்தான் வண்டியில கிடக்கறாரு. நீங்க எதுக்கு ஓடறீங்க?"

மேலாளர் என்னைப் பார்த்த பார்வையில் என் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்ற கேள்வி இருந்ததாக எனக்குத் தோன்றியது. ஓட்டுநர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இன்னும் பல அடிகள் பின்னால் போய் நின்றார்.

மேற்பார்வையாளர்தான் முதலில் அசைந்தார். "சாவி வண்டியிலதான இருக்குது?" என்று கேட்டுக்கொண்டே போய், ஒரு சாக்கை எடுத்து இருக்கையில் விரித்து ஏறி உட்கார்ந்தார். லாரி மைதானத்தைச் சுற்றி வெளியே போய், மறுபடி வாசலுக்கு வந்தது. தூண்களுக்கு நடுவே அது நுழையும்போது நான் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். கருவியின் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சரக்கின் அடியில் எங்காவது உலைச் செங்கல் ஒன்று கிடந்து, சங்கு ஒரு முறை முனகினால்கூடப் போதும், அந்த மனிதரை வாழவே விடமாட்டார்கள். முன்பகுதி கடந்தது. நடுப்பகுதி கடந்தது. கடைசிச் சக்கரமும் கடந்தது. பச்சை விளக்கு எரிந்தபடியே இருந்தது.

"இன்னொரு வாட்டி வுடு" என்றார் மேஸ்திரி. இன்னொரு முறையும் பச்சை.

மேஸ்திரி தன் ஆட்களைப் பார்த்துத் தலையசைத்தார். அவர்கள் லாரியின் பின்னால் போனார்கள். அவர் என் அருகே வந்து, "ஏம்மா, அத மொதல்லயே சொல்றதுதான?" என்றார். பிறகு ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் டிரம்மின் மேல் வைத்துவிட்டு, ஓட்டுநரைக் கைகாட்டிக் கூப்பிட்டார். கையில் கொடுக்கவில்லை. அன்றைக்கு அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

மேலாளர் அறையில் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். "எப்ப சொல்றதா இருந்தீங்க?"

"ஸ்கேன் முடிஞ்சதும் சார்."

"இந்த நிலைமைல மீட்டரத் தூக்கிட்டுப் போனது உங்க தப்பு. ஏதாவது ஆச்சுன்னா கம்பெனிக்குத்தான் பேஜாரு."

முன்னால் இருந்த பெண்ணை என்ன செய்தீர்கள் என்று நினைவுபடுத்தினேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாளையிலிருந்து சோதனைக் கூடத்துக்குப் போக வேண்டாம், சரக்கு அனுப்பும் பிரிவில் சான்றிதழ் பார்க்கும் வேலைக்குப் போங்கள் என்றார். ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வெளியே வரும்போது, அந்த ஓட்டுநருடைய முதலாளிக்கு என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டேன். "லோடு கிளியர்னு சொல்வேன். வேற இன்னா சொல்லணும்?" என்றார். சொன்னபடியே செய்தார் என்றுதான் பிறகு கேள்விப்பட்டேன். ஆனால் மற்ற லாரிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கவரைப்பேட்டை வரைக்கும் டீக்கடைகளில் அந்த வாரம் அதே பேச்சாக இருந்ததாம்.

சாயங்காலம் ரயிலில் ஆரம்பாக்கம் போய் இறங்கியபோது மாமியாருக்கு விஷயம் தெரிந்திருந்தது. எங்கள் தெருவிலிருந்து ஆலைக்கு வேலைக்கு வருகிறவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். என்னைக் கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவர் என் தலையில் கை வைத்து நின்றபடியே ஜெபம் பண்ணினார். கோபித்துக்கொண்டது என் கணவர்தான்.

"தெரிஞ்சிதான போன? முடியாதுன்னு சொல்லிட்டு வந்துக்கினே இருக்க வேண்டியதுதான?"

எத்தனை தூரத்தில் நின்றேன், எவ்வளவு நேரம், அதற்கு எவ்வளவு என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் கேட்க விரும்பவில்லை.

"நம்பரெல்லாம் வேணாம். கொழந்த நல்லா இருக்குமா? அத மட்டும் சொல்லு."

நல்லா இருக்கும் என்று சொல்ல எனக்கு எல்லாக் காரணமும் இருந்தது. எங்கள் மருத்துவரும் மறுநாள் அதையேதான் சொன்னார். ஆனால் போன வருஷமும் நல்லா இருக்கும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அதனால் வாய் வரவில்லை. அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அன்றிலிருந்து ஸ்கேன் வரைக்கும் நாங்கள் இருவரும் சாப்பாடு, ரயில், ஷிப்ட் தவிர வேறு எதையும் பேசிக்கொள்ளவில்லை. வயிற்றில் லேசாகச் சுருக்கென்றாலும் நான் மைதானத்தில் நடந்த ஒவ்வொரு அடியையும் மறுபடி நடந்து பார்ப்பேன். இங்கே நின்றேன், அங்கே திரும்பினேன், குச்சியில் கட்டி நீட்டினேன். கணக்கு ஒவ்வொரு முறையும் சரியாகவே வந்தது. தூக்கம்தான் வரவில்லை.

ஸ்கேன் எடுத்த பெண் திரையை எங்கள் பக்கம் திருப்பி, "கை கால் எல்லாம் இருக்குது, பாருங்க, உதைக்குது" என்றாள். என் கணவர் திரையைப் பார்க்காமல் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது பொய் சொல்கிறதா என்று பார்த்தாராம். பஸ் ஸ்டாண்டுக்கு வந்த பிறகுதான் என் கையைப் பிடித்தார்.

எங்களுக்குப் பெண் பிறந்தாள். ஒப்பந்தத்தை முடித்துவிட்டார்கள் என்று பிரசவ விடுப்பில் இருக்கும்போது கடிதம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. திரும்பிப் போனபோது சோதனைக் கூடத்திலேயே சேர்த்துக்கொண்டார்கள். மேலாளர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் எடைமேடைப் பக்கம் போனபோது யாரோ "மேடம்" என்று கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்த்தேன், சட்டென்று அடையாளம் தெரியவில்லை. கன்னத்தில் சதை பிடித்திருந்தது. கண்கள் உள்ளே போய் சாதாரணமாக இருந்தன. பேசின பிறகுதான் அந்த ஓட்டுநர் என்று தெரிந்தது.

"கொழந்த?" என்று கேட்டார்.

"பொண்ணு. நல்லா இருக்கா. உங்க பொண்ணு?"

"பையன். சொன்ன தேதிக்கு முன்னாடியே பொறந்துட்டான். எனக்குத் தள்ளி இருக்கற நாளு முடியல. வாசல்ல நின்னுக்கினே பாத்தேன், என் சம்சாரம் துணிய வெலக்கிக் காமிச்சா. என்னியப் பாத்து நல்லாக் கத்தினான்." சிரித்தார். "இப்ப எம்மேலயேதான் ஏறிக்கினு கெடக்கறான்."

கேட்டுக்கொண்டிருந்த எடைமேடைக்காரர் அவரைச் சீட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார். அவர் பேனாவை வாங்கி ஒரே இழுப்பில் போட்டுவிட்டு, மேஸ்திரியைத் தேடி உள்ளே போனார்.